நூறு வரை எண்ணியவன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகுகிற நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. என் கடைசித் தங்கை. பின்னாலேயே அவள் மகன். பையன் முகம் சரியில்லை.

“அண்ணே, நீயே இவன்கிட்ட கேளு. பி.எஸ்சி. பிசிக்ஸ்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னான். சேர்ந்து மூணு வாரம்கூட முழுசா ஆகல. இப்ப பி.காமுக்கு மாத்தி விடுங்கிறான்.”

தங்கையைக் காபி போட அனுப்பிவிட்டு, பையனை மாடி அறைக்கு அழைத்துப் போனேன்.

“என்ன மருமகனே?”

“ஒண்ணும் புரியல மாமா.”

“எது புரியல?”

“எதுவுமே புரியல.”

பிளஸ் டூவில் பிசிக்ஸில் 100-க்கு 91 வாங்கியவன் சொல்கிற பேச்சு இது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்த வருடம் யாராவது பிசிக்ஸ் முதலாம் ஆண்டு சேர்ந்திருந்தால், இதே பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பயப்படாதீர்கள். 1984-ல் நானும் இதையேதான் சொன்னேன். என்ன, அப்போது எனக்குக் காபி போட்டு உட்கார வைத்துக் கேட்க ஒரு மாமா இல்லை.

பையன் தமிழ் மீடியம். பள்ளிக்கூடத்தில் விசை, திசைவேகம், முடுக்கம், உந்தம் என்று நாலு பேரோடு நன்றாகப் பழகி வைத்திருந்தான். கல்லூரி வாசலில் அந்த நாலு பேரையும் நிறுத்திவிட்டு ஃபோர்ஸ், வெலாசிட்டி, ஆக்ஸிலரேஷன், மொமன்ட்டம் என்று வேறு நாலு பேரை உள்ளே அனுப்பிவிட்டார்கள். அதே ஆட்கள்தான், வேட்டியை மாற்றி பேன்ட் போட்டிருக்கிறார்கள் என்று புரிவதற்கே எனக்கு ஒரு மாதம் ஆனது. ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் தமிழ் வார்த்தை என்று தினமும் எழுதினேன். தீபாவளிக்குள் அந்த நோட்டு தேவைப்படாமல் போய்விட்டது. மொழி ஒரு முள்தான். ஆனால் அது எடுத்துவிடக்கூடிய முள்.

கணக்கு இன்னொரு முள். டிஃபரன்ஷியேஷன் போடத் தெரியும், அது எதற்கு என்று தெரியாது. பஸ் டிரைவருக்கு முன்னால் ஸ்பீடாமீட்டர் முள் காட்டுகிறதே, அந்த நிமிஷத்து வேகம், அதுதான் சமாசாரம் என்று யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு எத்தனையோ ராத்திரித் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால், இந்த இரண்டும் போன பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. பையனிடம் கேட்டேன்.

“லாரியும் ஒரு சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுது. லாரி கார் மேல கொடுக்கற விசை அதிகமா, கார் லாரி மேல கொடுக்கற விசை அதிகமா?”

“லாரி கொடுக்கறதுதான் மாமா அதிகம்.”

“நியூட்டனோட மூணாவது விதி சொல்லு.”

கடகடவென்று ஒப்பித்தான். ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு. சொல்லி முடித்தவன் வாயை மூடாமல் அப்படியே நின்றான்.

இது நம் ஊர்ப் பையன்களுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. அமெரிக்காவில் ஹெஸ்டினஸ் என்ற பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் இந்த மாதிரி எளிய கேள்விகளாகத் தொகுத்து 1992-ல் ஒரு பரீட்சையை வெளியிட்டார்கள். கணக்கே கிடையாது, வெறும் யோசனைதான். ஹார்வர்டில் பிசிக்ஸ் நடத்திய எரிக் மஸூர், நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று நினைத்துத் தன் வகுப்பில் அப்படியொரு பரீட்சை வைத்தார். ஒரு மாணவி எழுந்து கேட்டார்: நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி பதில் எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா? மஸூருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைக்குள் இரண்டு பிசிக்ஸ். ஒன்று பரீட்சைக்கு, ஒன்று வாழ்க்கைக்கு. ஒன்றை ஒன்று பார்த்துப் பேசிக்கொள்வதே இல்லை. ரிசல்ட் பார்த்த பிறகு அவர் பாடம் நடத்துகிற முறையையே மாற்றிக்கொண்டார்.

மஸூரை விடுங்கள். ரிச்சர்ட் ஃபெயின்மன் 1961-ல் தொடங்கி இரண்டு வருடம் கால்டெக்கில் முதல், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நடத்திய பாடங்கள்தான் உலகப் புகழ் பெற்ற அந்த மூன்று தடிப் புத்தகங்கள். இன்றைக்கு இணையத்தில் காசில்லாமலே படிக்கலாம். அதன் முன்னுரையில், மாணவர்களைப் பொறுத்தவரை தான் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை என்ற தொனியில் ஃபெயின்மனே எழுதியிருக்கிறார். முதல் வருட பிசிக்ஸ் அவருக்கே அப்படியென்றால், என் மருமகன் மூன்று வாரத்தில் தடுமாறுவதில் என்ன அவமானம்?

“விசை சமம்னா அப்புறம் கார் மட்டும் ஏன் மாமா நசுங்குது?”

கேட்டுவிட்டான். மூன்று வாரத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று பிறகு சொன்னான். வகுப்பில் கேட்கக் கூச்சம். ஒரே விசை, சின்ன நிறையின் மேல் விழுந்தால் வேகம் சட்டென்று மாறும், பெரிய நிறையின் மேல் விழுந்தால் அவ்வளவு மாறாது, தவிர காரின் தகரம் மெலிசு என்றேன். யோசித்தான். முகத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் வந்தது.

“சரி, லேப் எப்படி?”

“லேப் ஈஸி மாமா. ரீடிங் எல்லாம் சீனியர் அண்ணன் ரெக்கார்டுலயே இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. அங்கேயிருந்து நேராக நான் 1984-க்குப் போய்விட்டேன்.

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். லேப் என்றால் நீளமான ஹால், கருப்பு மேஜைகள், ஸ்பிரிட் வாசனை. கை பழகட்டும் என்று முதல் பரிசோதனையாகத் தனி ஊசலைக் கொடுத்தார்கள். நூலில் பித்தளைக் குண்டு, ஒரு ஸ்டாண்டு, சாவி கொடுக்கிற ஸ்டாப் வாட்ச். குண்டை லேசாக இழுத்து விட்டு, இருபது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ள வேண்டும். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி இதையே செய்ய வேண்டும். கடைசியில் ஒரு சூத்திரத்தில் போட்டால் ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம் கிடைக்கும். கிடைக்க வேண்டியது 9.81. இது எங்கள் எல்லோருக்கும் முதலிலேயே தெரியும். அதுதான் பிரச்னையே.

எனக்கு 9.6 வந்தது. பக்கத்து மேஜையில் ஒருத்தனுக்கு 10.3. சீனியர்கள் ஏற்கெனவே வழி சொல்லி வைத்திருந்தார்கள். 9.81-லிருந்து தலைகீழாகக் கணக்குப் போட வேண்டியது. இந்த நீளத்துக்கு இத்தனை விநாடி வர வேண்டும் என்று கிளார்க்ஸ் டேபிள்ஸைப் புரட்டிக் கண்டுபிடித்து, சந்தேகம் வராமலிருக்க அங்கங்கே ஒரு கால் விநாடி ஏற்றி இறக்கி, ரீடிங் என்ற இடத்தில் எழுதிவிட வேண்டியது. நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. டெமான்ஸ்ட்ரேட்டர் கையெழுத்துப் போட்டார். “குட்” என்றார். வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டேன்.

எனக்கு அடுத்த ரோல் நம்பர் ஒருத்தன். அவன் அப்பா ரேஷன் கடையில் எடை போடுபவர். சிரிக்காதீர்கள், சரியாகப் போடுபவர். எல்லோரும் முடித்துவிட்டு கேன்டீனுக்குக் கிளம்பும்போதும் அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. அறுபத்தேழு, அறுபத்தெட்டு...

“என்னடா பண்ற?”

கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். நூறு வரை எண்ணி, வாட்சை அழுத்திவிட்டுத்தான் பேசினான்.

“வாட்ச்சை அழுத்தறதுல எப்படியும் கால் செகண்டு முன்னப் பின்ன ஆகும்ல? இருபதால வகுத்தா அந்தத் தப்பு பெருசா நிக்கும். நூறால வகுத்தா சின்னதாப் போயிரும்.”

இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிழைகளைப் பற்றிய பாடம் எங்களுக்கு வந்தது அதற்கு எத்தனையோ மாதம் கழித்து. வந்தபோதும் மனப்பாடம்தான் செய்தோம். இவன் முதல் நாளே அதைத் தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தான். நீங்களே கணக்குப் பாருங்கள். ஒரு மீட்டர் ஊசலுக்கு இருபது ஆட்டம் ஏறத்தாழ 40 விநாடி. எங்கள் வாட்சின் முள் 0.2 விநாடியாகத்தான் தாவும். 40.0 என்று காட்டினால் ஜி 9.87. ஒரு தாவல் தாண்டி 40.2 என்று காட்டினால் 9.77. நடுவில் 9.81-க்கு அந்த வாட்சில் இடமே கிடையாது! அந்த நீளத்துக்கு நேராக அச்சடித்த மாதிரி 9.81 எழுதிய எங்கள் நோட்டுகளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் போதும், மொத்த வகுப்பும் மாட்டியிருக்கும்.

அவனுக்கு நூறு ஆட்டத்துக்கு 201 விநாடி வந்தது. ஜி 9.77. அதை அப்படியே எழுதிக்கொண்டு போனான்.

டெமான்ஸ்ட்ரேட்டர் நோட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். “வகுப்புல நாப்பது பேருக்கும் 9.81 வருது. உனக்கு மட்டும் தனி பூமியா?” என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, மேலே ‘ரிப்பீட்’. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாற்பது நோட்டு, ஒரே மதியம். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து அவனுக்கு ‘செஞ்சுரி’ என்று பட்டப்பெயர்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னிடம் கேட்டான். “நீ எப்படிடா கரெக்டா கொண்டு வந்த?” உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். தன் கையில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தான். நான் பெருமையாக அந்தத் தலைகீழ்க் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். பேசாமல் கேட்டுக்கொண்டான். டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான்.

அடுத்த வாரம் லேபில் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டான். குண்டை இழுத்து விடக்கூட இல்லை. 9.81. கையெழுத்து கிடைத்தது. அதற்குப் பிறகு மூன்று வருடத்தில் அவன் நூறு எண்ணி நான் பார்க்கவில்லை. முறுக்கு ஊசல், கூட்டு ஊசல், லீ தட்டு, நியூட்டன் வளையங்கள் என்று எது வந்தாலும் எங்களில் முதலில் முடித்துவிட்டு வெளியே நின்றான். பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நான் பாங்கு வேலைக்குப் போனேன். அவன் அரசு வேலைக்குப் போனான். பிசிக்ஸை இருவருமே அத்துடன் விட்டோம்.

1997-ல் பழைய புத்தகக் கடை ஒன்றில், என்ன தோன்றியதோ, ஒரு ஆங்கில பிசிக்ஸ் புத்தகத்தைப் பத்து ரூபாய்க்கு வாங்கி வந்தேன். அதில் ஒரு சின்ன அட்டவணை. எந்த அட்சரேகையில் ஜி எவ்வளவு என்று. நிலநடுக்கோட்டில் 9.780. துருவத்தில் 9.832. நாங்கள் மந்திரமாக நினைத்த 9.81-க்கு வருவதென்றால் ஐரோப்பா பக்கம் போக வேண்டும். உலகம் முழுக்கப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்று 1901-ல் கூடிப் பேசி முடிவு செய்த 9.80665 கூட ஏறக்குறைய 45 டிகிரி அட்சரேகைக்கான கணக்குதான். மதுரை இருப்பது 10 டிகிரியில். இங்கே ஜி 9.78.

9.78! அவன் எழுதியது 9.77.

கொஞ்ச நேரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நியாயமாகச் சொன்னால், அவன் விடை அவ்வளவு கிட்டத்தில் வந்ததில் அதிர்ஷ்டமும் இருந்திருக்கலாம். நூல் அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே 0.01 மாறிவிடும். ஆனாலும் நூறு எண்ணியவனுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம்கூட வரும். ‘உனக்கு மட்டும் தனி பூமியா’ என்று கேட்டாரே, ஒருவகையில் ஆமாம். பாடப் புத்தகத்தில் இருந்தது பாரீஸ் பக்கத்துப் பூமி. அவன் அளந்தது நம் ஊர்ப் பூமி.

இதில் இன்னொரு கதை உண்டு. 1672-ல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் தென் அமெரிக்காவில், நிலநடுக்கோட்டுக்குக் கிட்டத்தில் உள்ள கயேன் என்ற ஊருக்குப் போனார். பாரீஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே தினமும் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. அவர் கடிகாரத்தைத் திட்டிவிட்டு முள்ளைத் திருப்பி வைத்திருக்கலாம். வந்ததை வந்தபடி எழுதி வைத்தார். பூமி நடுவில் கொஞ்சம் புடைத்த உருண்டை என்று நியூட்டன் 1687-ல் புத்தகம் போட்டபோது, அந்த இரண்டரை நிமிடம்தான் அவருக்குக் கிடைத்த சாட்சிகளில் ஒன்று. பூமியின் மையத்திலிருந்து நிலநடுக்கோடு துருவத்தைவிட 21 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதோடு பூமி சுற்றுகிற வேகமும் சேர்ந்துகொண்டு இழுவையைக் குறைத்துவிடுகிறது.

2011-ல் ஒரு கல்யாணப் பந்தியில் செஞ்சுரி எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். தலை முழுக்க நரை. ரசம் ஊற்றும்போது சொன்னேன்.

“டேய், நீ அன்னிக்கு எழுதினதுதான்டா சரி. நம்ம ஊர்ல ஜி 9.78.”

எதைச் சொல்கிறேன் என்று கேட்பான் என நினைத்தேன். கேட்கவில்லை.

“இருநூத்தி ஒண்ணு” என்றான். “மூணு தரம் எண்ணினேன். மூணு தரமும் இருநூத்தி ஒண்ணு.”

இருபத்தேழு வருடம்! சாதத்தைப் பிசைந்துகொண்டே, “டீக்கடையில நீ சொல்லிக் கொடுத்தியே... அதுக்கப்புறம் எனக்கு லேபே பிடிக்காமப் போச்சுடா” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பாயசம் வந்தது. நான் வேண்டாம் என்று இலையை மடித்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இதையெல்லாம் மருமகனிடம் சொல்லவில்லை. “வா, கீழே போகலாம்” என்றேன். எதிரே வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. அங்கே காவலுக்கு இருந்த பெரியவரிடம் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றை இரவல் வாங்கினேன். கூடத்தில் என் பேத்தியின் தொட்டில் கொக்கி இருக்கிறது. நூல் கட்டி, டேப்பால் அளந்து, ஒரு மீட்டருக்குக் கொண்டு வந்தோம். தங்கை காபி டம்ளரோடு எங்களைப் பார்த்துவிட்டு, “நான் இவனைத் திருத்தச் சொன்னா நீயும் சேர்ந்து விளையாடறியாண்ணே?” என்றாள்.

பையன் செல்போனில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டான். குண்டை விட்டதும் “ஒண்ணு” என்று எண்ணத் தொடங்கினான். நான் குறுக்கிடவில்லை. நூறு. 198.9 விநாடி. கணக்குப் போட்டான்.

“9.98 வருது மாமா. ரொம்ப ஜாஸ்தி. 9.81-னு போட்டுக்கவா?”

“போட்டுக்கலாம். ஆனா இந்த 9.98 எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாமப் போயிருமே.”

குண்டு ஆடிக்கொண்டே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினான். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான்.

“மாமா! விட்டவுடனே ஒண்ணுன்னு சொல்லிட்டேன். சைபர்னு சொல்லியிருக்கணும். நான் எண்ணினது நூறு இல்ல, தொண்ணூத்தொம்பது!”

மறுபடியும் இழுத்து விட்டான். இந்த முறை சைபரில் தொடங்கி நூறு. தங்கையும் முணுமுணுவென்று கூடவே எண்ணினாள். 201.1 விநாடி. ஜி 9.76.

அப்போதுதான் அவனிடம் 9.78 என்று சொன்னேன். பாரீஸுக்கு வேறு, மதுரைக்கு வேறு என்பதையும் சொன்னேன்.

“அப்ப இன்னும் 0.02 உதைக்குதே மாமா?”

“உதைக்குது.”

கொக்கியைப் பார்த்தான். குண்டைப் பார்த்தான். நூல் முடிச்சு கொஞ்சம் இளகித் தொங்கிக்கொண்டிருந்தது. தங்கை கொடுத்த காபியை வாங்கி, குடிக்காமல் அப்படியே ஜன்னலில் வைத்தான்.

“அந்த ஸ்டூலைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க மாமா. நீளத்தை இன்னொரு தரம் அளக்கணும்.”